கிறிஸ்தவர் என்னும் பெயர்

ஒருவர் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்கிறார். அவ்வாறு சொல்லும்போது அவர் அறிவிப்பது யாது? ஞானஸ்நானம் பெற்றதையா? ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்வதையா? இயேசுவைக் கடவுளின் குமாரர் என ஒப்புவதையா? அல்லது பாட்டன் காலத்தில் குடும்பத்துக்கு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பெயரையா?

பௌத்தராகிய நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர் சிலர் வினவலாம். நம்மவர் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். அண்ணன் திரிசரணம் ஓதுகிறார். தம்பி ஜெபக்கூட்டத்துக்குச் செல்கிறார். அவர்களுடைய அத்தை ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிறார். ஒரே இழிவினின்று தப்புவதற்கு ஒரே குடும்பத்தார் வெவ்வேறு கதவுகளைத் தட்டினர். அப்படித் தட்டியவர்கள் இன்று ஒருவரை ஒருவர் நோக்கி, "இவனெல்லாம் ஒரு கிறிஸ்தவனா?" என்றும், "இவனெல்லாம் ஒரு பௌத்தனா?" என்றும் கேட்டுக்கொள்கின்றனர். திருமணப் பத்திரிகை அச்சிடும்போதும் பிணம் எடுக்கும்போதும் இக்கேள்வி எழுந்து, உறவு முறிந்த வீடுகளை நாம் அறிவோம். ஆதலின் இது வெறும் வாதப்பொருள் அன்று.

கிறிஸ்தவர் என்னும் பெயரை இயேசு யாருக்கும் இட்டதில்லை. அவருடைய சீடர்கள் முதலில் அந்தியோகியா நகரில் அப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்று அவர்களுடைய நூலே கூறுகிறது. அழைத்தவர்கள் வெளியார் என்பதே அறிஞர் பலரின் கருத்து. தமிழ்நாட்டிலும் அவ்வாறே: ஊரார் இட்ட பெயர் "வேதக்காரர்". தெருவில் நடப்பவரைப் பார்த்துத் தெருவார் இட்ட பெயர் அது. பார்ப்பவர் வைத்த பெயரை, பிறகு பார்க்கப்பட்டவரே எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொண்டார். பெயரின் தொடக்கம் சூட்டிக்கொள்பவரிடத்தில் இல்லை, காண்பவரிடத்தில் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். மேலே செல்ல அது உதவும்.

இக்கேள்வியைச் சோதித்துப் பார்க்க அந்தமான் நிகோபார்த் தீவுகளைவிடத் தக்க இடம் நாம் அறிந்தவரை இல்லை. சிறிய நிலப்பரப்பு, ஆயினும் அப்பெயரைத் தாங்கியவர்களில் எல்லா வகையினரும் அங்கே வந்து போயினர்.

முதலில் வந்தவர்களுள் ஆட்சியாளரைச் சொல்வோம். 1858 மார்ச்சு 10 அன்று ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளை இறக்கிக் குடியேற்றத்தைத் தொடங்கினர். (2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) எதிரே இருந்த ராஸ் தீவில் அதிகாரிகளுக்கு மாளிகைகளும் ஒரு தேவாலயமும் எழுந்தன, மரவேர்கள் கவ்விய அதன் சுவர்களை இன்றும் காணலாம். 1906-ல் கட்டிமுடிந்த செல்லுலார் சிறையில், மாடு இழுக்கும் செக்கில் மனிதரைப் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு எண்ணெய் ஆட்டச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஸ் தீவின் மணி ஒலித்தது. செக்கு திங்கட்கிழமை மீண்டும் சுழன்றது. அதற்கும் முன்னர், 1863-ல், கோர்பின் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அந்தமான் பழங்குடியினரை நாகரிகப்படுத்துவதற்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அந்நியரோடு வந்த நோய்கள் அவ்வில்லத்தின் வழியாகவும் பரவின. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர் 1961 மக்கள்தொகைக் கணக்கில் 19 பேராகக் குறைந்திருந்தனர். பாதிரியார் கொலைகாரர் அல்லர், நல்லதே நினைத்திருப்பார். நல்லதை நினைத்தவரின் இல்லத்திலும் குழந்தைகள் இறந்தன என்பதே செய்தி.

இவற்றைச் சொன்னால் நம் கிறிஸ்தவ நண்பர்கள் உடனே கூறும் மறுமொழி ஒன்றுண்டு: "அவர்கள் உண்மைக் கிறிஸ்தவர்கள் அல்லர்." அம்மறுமொழியை ஏற்றுக்கொண்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். நாம் அதனை ஏற்பதற்கில்லை. காரணம் கூறுகிறோம்.

உண்மைக் கிறிஸ்தவர் என்று ஒருவரைப் பிரித்தெடுப்பதற்கு, செயலுக்கு அப்பால், உள்ளே எங்கேயோ "கிறிஸ்தவத் தன்மை" என ஒரு பொருள் இருத்தல் வேண்டும். அது இருந்தால் உண்மையானவர், இல்லையெனில் போலி. ஆனால் நாகசேனர் மிலிந்த மன்னனுக்குத் தேரைக் காட்டி விளக்கியதை நாம் படித்திருக்கிறோம். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று. இவையெல்லாம் சேர்ந்து இயங்குவதற்கு இட்ட வழக்குப்பெயரே தேர். இவற்றைக் கழித்தபின் தேர் என ஒன்று தனியே எஞ்சுவதில்லை. அவ்வாறே, ஒருவன் செய்வனவும் சொல்வனவும் நினைப்பனவும் கழிந்தபின், அவனுள்ளே "கிறிஸ்தவன்" என்று எதுவும் எஞ்சி நிற்பதில்லை. செக்கில் மனிதரைப் பூட்டிய கையே மறுநாள் ஜெபப் புத்தகத்தைப் பிரித்தது. கை ஒன்றுதான். ஆதலின் தீயதைச் செய்தவரை "அவர் நம்மவர் அல்லர்" என்று கணக்கிலிருந்து கழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இங்கே அன்பர்கள் மகிழ்ந்து தலையசைக்க வேண்டா. அதே கணக்கு நம் பக்கமும் வரும். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றியது. நிகோபாரும் அதன் கையில் வீழ்ந்தது. 1944 சனவரி 30 அன்று போர்ட் பிளேரை அடுத்த ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியரை ஒற்றர் எனப் பழிசாற்றிச் சுட்டுக் கொன்றனர். கார் நிகோபாரில் விமானத்தளம் அமைக்கத் தீவினரை அடித்து வேலை வாங்கினர். 1945-ல் எதிரிக்கு அடையாளம் காட்டினர் என்று குற்றஞ்சாட்டிப் பலரை வதைத்துக் கொன்றனர். போருக்குப்பின் 1946-ல் சிங்கப்பூரில் இதற்காகவே படைநீதிமன்ற விசாரணை நடந்தது. அந்தப் படையினர் எங்கிருந்து வந்தனர்? இறந்தோருக்குப் பௌத்தச் சடங்கு செய்யும் குடும்பங்கள் மிகுந்த நாட்டிலிருந்து. அந்நாட்டுப் பௌத்த சங்கங்களுள் பல அப்போரை வாழ்த்தி நின்றன என்பதும் வரலாறு. "அவர்கள் உண்மைப் பௌத்தர் அல்லர்" என்று சொல்ல நம் நா துடிக்கிறது. சொல்லக்கூடாது. பாதிரியாருக்கு மறுத்த வாயிலை நமக்கு மட்டும் திறந்துவைப்பது நேர்மையாகாது.

இனி, கார் நிகோபாரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழர்க்கு அதில் பங்குண்டு.

நிகோபாருக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுசெல்ல முயன்ற மொரேவியச் சகோதரர் என்னும் ஜெர்மானியர், நம் தரங்கம்பாடியை அடுத்து 1760-ல் வந்து தங்கியவர்கள். டேனிஷ் அரசின் ஆதரவோடு 1768-ல் நான்கௌரித் தீவில் குடியேறினர். எளிய மக்கள், கைத்தொழில் செய்து உண்பவர்கள். காய்ச்சல் அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோயிற்று. 1787-ல் எஞ்சியவர் திரும்பினர். இருபது ஆண்டுகள் உழைத்தும் அவர்கள் பெயரைத் தாங்க அத்தீவில் ஒரு சபை எழவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1890-களில், வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார் கார் நிகோபாரின் முஸ் என்னும் ஊரில் வந்து தங்கினார். ஆங்கிலத் திருச்சபை அனுப்பிய அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். அரசின் முகவராகவும் இருந்தார். நாள்தோறும் குறிப்பேடு எழுதினார். அக்குறிப்புகளின் பகுதிகள் 1902-ல் இலண்டனில் மானிடவியலார் இதழில் வெளிவந்தன. அக்காலத்து நிகோபார் குறையற்ற பொன்னுலகம் அன்று. சூனியக்காரன் என்று ஊரார் ஐயுற்றவனை ஊரே கூடிக் கொல்லும் வழக்கம் அங்கிருந்தது. அதே மக்கள் தென்னந்தோப்பையும் பன்றிகளையும் துஹேத் என்னும் கூட்டுக்குடும்பத்தின் பொதுவுடைமையாக வைத்து, பசித்தவன் என ஒருவன் இல்லாமல் வாழ்ந்தனர். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவர் ஏதோ விற்க வந்தவர்.

சாலமோனிடம் படித்த தீவுப் பிள்ளைகளுள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் கல்வி பெற்று 1912-ல் ஊருக்குத் திரும்பி ஆசிரியரானார். பின்னர்க் குருவானார். தம் மக்களின் மொழியில் வேத நூலை ஆக்கினார். முப்பது ஆண்டுக் காலம் அவர் அங்கே கற்பித்தும், போருக்கு முன்னர்த் தீவினரில் கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. ஜப்பானியர் காலத்தில் அவர் ஓடி ஒளியவில்லை, தம் மக்களோடு நின்றார், தாமும் சிறைப்பட்டார். அவரோடு சிறைப்பட்டோருள் பலர் மாண்டனர். போர் முடிந்தமையால் அவர் பிழைத்தார். அதன் பின்னரே கார் நிகோபார் மக்கள் கூட்டங்கூட்டமாக அச்சமயத்தில் சேர்ந்தனர். 1950-ல் அவர் பிஷப்பானார். 1952-ல் அமைந்த முதல் மக்களவைக்கு அத்தீவுகளின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1965-ல் பத்மஸ்ரீயும் 1975-ல் பத்மபூஷணும் பெற்று, 1978-ல் மறைந்தார்.

முப்பது ஆண்டுப் போதனையால் ஆகாதது ஏன் அதன்பின் ஆயிற்று? அச்சத்தால் என்பர் சிலர்; வென்ற ஆங்கிலேயனின் சமயம் என்பதால் என்பர் வேறு சிலர். அக்காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் ஆங்கிலேயன் 1945-க்கு முன்னும் எழுபதாண்டுக்கு மேலாக அங்கே ஆண்டான். அப்போது அவன் சமயம் யாரையும் இழுக்கவில்லை. நாம் கருதுவது இது: போருக்கு முன்னர் "கிறிஸ்தவன்" என்னும் சொல்லுக்கு அம்மக்கள் கண்ட பொருள் கப்பலில் வந்திறங்கும் துரை, பள்ளிக்கூடம், புத்தகம். போருக்குப் பின்னர் அச்சொல்லுக்கு அவர்கள் கண்ட பொருள், அடிபட்டபோது உடன் இருந்த தம் ஊரான். அந்தியோகியாவில் போலவே இங்கும் பார்த்தவர்களே சொல்லின் பொருளை முடிவு செய்தனர்.

அவர்கள் சேர்ந்த பின்னரும் மூதாதையரை நினைந்து பன்றி விருந்து நடத்தும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. துஹேத்தும் ஒழியவில்லை. கோயிலில் மணியடிக்கிறது, முன்னோருக்கு விருந்தும் நடக்கிறது. இவர்கள் கிறிஸ்தவர்களா என்று வெளியூர்ப் போதகர் ஒருவர் ஐயுறலாம். நம் வீட்டு அத்தை கூழ் வார்ப்பதைக் கண்டு நம் சங்கத்து இளைஞர் முகம் சுளிப்பதும் அதே வகை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிகோபாரின் கடலோர ஊர்களைத் துடைத்துச் சென்றபோது, எஞ்சியவர்களை ஒருசேரத் தாங்கியது அந்தக் கூட்டுக்குடும்பம்தான். நிவாரணப் பணத்தைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்னும் சிறு குடும்பக் கணக்கில் பிரித்துக் கொடுத்த அரசின் முறையே அதனைக் குலைத்தது என்று ஆய்ந்தோர் எழுதியுள்ளனர். இயேசு தம் சீடரிடம் எதிர்பார்த்த பொதுவாழ்வு ஒன்று உண்டெனில், அது அத்தீவினருக்குத் திருச்சபை கொடுத்தது அன்று. திருச்சபைக்கு அவர்கள் கொண்டுவந்தது.

ஆகவே, நல்லது செய்தவரே கிறிஸ்தவர், தீயது செய்தவர் அல்லர் என்று முடித்துவிடலாமா? முடியாது என்று மேலேயே சொன்னோம். பின்னர், அப்பெயர் எதற்குத்தான் பயன்படும்?

நாம் கருதுவதைச் சொல்கிறோம். பெயர் என்பது உடைமையன்று, கையெழுத்திட்ட புரோநோட்டு. "நான் கிறிஸ்தவன்" என்று ஒருவர் சொல்லும்போது, தம்முள்ளே இருக்கும் ஒன்றை அவர் காட்டுவதில்லை. மலைப்பொழிவை எடுத்துவைத்து அதன்படி தம்மிடம் கணக்குக் கேட்கும் உரிமையைக் கேட்பவர் கையில் கொடுக்கிறார். செக்கில் பூட்டப்பட்ட கைதி எந்தச் சமயத்தவனாயினும், ராஸ் தீவின் துரையை நோக்கி, "உம் வேதம் இதைத்தான் சொல்கிறதா?" என்று கேட்கலாம். துரை கிறிஸ்தவர் அல்லர் என்று நாம் கழித்துவிட்டால், அந்தக் கைதியின் நியாயமான வழக்கைத் தள்ளுபடி செய்தவர்களாவோம். நோட்டில் கையெழுத்திட்டவன் பணம் கட்டவில்லை என்பதற்காக அது அவன் கையெழுத்தே அன்று என்று எந்த மன்றமும் சொல்வதில்லை.

கையெழுத்தை வாங்குவோர் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்னும் 26 வயது அமெரிக்க இளைஞர், மீனவர்க்குப் பணம் கொடுத்து, இரவில் மறைந்து வடக்கு சென்டினல் தீவை அடைந்தார். 1956 முதல் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துள்ள பகுதி அது. தீவினர் எய்த அம்பு முதல் முறை அவர் கையிலிருந்த வேதப்புத்தகத்தில் தைத்தது, மீண்டும் சென்றார், கொல்லப்பட்டார். கிறிஸ்தவர்களுள் சிலர் அவரை இரத்தசாட்சி என்றனர், பலர் கைகழுவினர். அவருடைய உள்ளத் தூய்மையை நாம் ஐயுறவில்லை. உயிரையே வைத்தவரிடம் அதற்குமேல் என்ன சான்று கேட்பது? ஆனால் 1880-ல் போர்ட்மன் என்னும் அதிகாரி அத்தீவிலிருந்து ஆறு பேரைப் பிடித்துச் சென்றபோது முதியோர் இருவரும் விரைவில் நோயுற்று இறந்தனர். பிள்ளைகள் நால்வரையும் பரிசுப் பொருள்களோடு திருப்பி விட்டனர். பெரிய அந்தமானியரின் 19 என்னும் எண் நூல்களில் இருக்கிறது. அந்நியரின் சுவாசமே அம்மக்களுக்கு நஞ்சாகலாம் என்பதை அறியக்கூடிய காலத்தில் அவர் சென்றார். தம் உயிரைக் கொடுக்க அவருக்கு உரிமையுண்டு. பிறர் உயிரைப் பந்தயம் வைக்க இல்லை. அங்கே "நான் கிறிஸ்தவன்" என்பது கடன்சீட்டாக இல்லாமல் அனுமதிச்சீட்டாக மாறிவிட்டது. அவரிடம் கணக்குக் கேட்க வேண்டியவர்களுக்கு அவர் மொழியும் தெரியாது. நாம் அவர்களைச் சென்டினலியர் என்று அழைப்பதும் தெரியாது.

இவ்விடத்தில் மணிமேகலையின் சாதுவன் நினைவுக்கு வருகிறான். கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு, நாகர் வாழும் மலையை அடைந்தான். (முதல் இராசேந்திரனின் கல்வெட்டு கூறும் மாநக்கவாரமே நிகோபார் என்பர், சாதுவன் ஒதுங்கிய இடமும் அப்பக்கத்தது என்று கருதுவோர் உண்டு. அது நிலைநாட்டப்பட்டதன்று.) அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் பிழைத்தான். அவர்கள் தலைவனோடு அமர்ந்து வினாவுக்கு விடை கூறினான். எங்களால் இயன்ற அறம் யாது என்று அவர்கள் கேட்டபின்னரே சொன்னான்: கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதீர், தாமே மூத்து இறந்தவற்றை அன்றி விலங்குகளையும் கொல்லாதீர். அவ்வளவே. புலாலை அறவே விடுக என்று கூடச் சொல்லவில்லை. இனி உங்களைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்று அவன் கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. சாத்தனார் அந்நாகரை ஆடையற்றவர், மனிதரைத் தின்பவர் என்று பாடியது நகரத்தானின் பார்வை. அதை நாம் வழிமொழிய வேண்டுவதில்லை. ஆயினும் பெயரைக் கேளாமல் செயலை மட்டும், அதிலும் அவர்களால் இயலும் அளவையே கேட்ட அவனுடைய அடக்கம் நம் நூலில் இருக்கிறது.

தீவை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே அப்பெயருக்கு அரசே ஒரு விலை குறித்துள்ளது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணைப்படி இந்துக்களே பட்டியல் சாதியினர் ஆகலாம், 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 1982-ல் சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்து வந்தவர்களுக்கு அரசு வாரியம் இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, அதே தெருவில் அதே தொழில் செய்த சூசை என்பவருக்குக் கிறிஸ்தவர் என்னும் காரணத்தால் கிடைக்கவில்லை. அவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதவில்லை என்று 1985-ல் தீர்ப்பாயிற்று. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கு வந்தது. குழந்தையாய் இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர். இந்து என்று சான்றிதழ் கேட்டார். நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் சமயப் பெயரை மாற்றுவது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது.

இதே பெயர் கார் நிகோபாரில் எதையும் பறிப்பதில்லை. நிகோபாரியர் 1959 முதல் பட்டியல் பழங்குடியினர். பழங்குடிக்குச் சமய நிபந்தனை கிடையாது. அந்தமானிலோ பட்டியல் சாதி என்னும் அட்டவணையே இல்லை. அங்குக் குடியேறிய தமிழர் எச்சமயத்தவராயினும் அவ்வழியில் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. கடலைத் தாண்டினால் விலை மாறும் பெயர், ஒருவரின் உள்ளத்தைக் காட்டும் என்று மன்றங்கள் எவ்வாறு நம்புகின்றன? அந்தப் பெண் எதை நம்புகிறார் என்று அரசு வினவியது. எங்கே குடியிருக்கிறார், ஊர் அவரை எப்பெயரால் அழைக்கிறது, செத்தால் எந்த இடுகாட்டுக்கு எடுத்துச் செல்வர் என்று வினவியிருந்தால் நேரான விடை கிடைத்திருக்கும். புரோநோட்டில் கையெழுத்திடுபவன் தலையில் துப்பாக்கி வைத்தால் அக்கையெழுத்து செல்லாது. சான்றிதழ் பறிபோகும் என்னும் அச்சத்தால் கோயிலில் ஒரு பெயரும் தாலுக்கா அலுவலகத்தில் ஒரு பெயரும் சொல்லும் ஏழையை நாம் பொய்யர் என்று இகழ மாட்டோம். 1990-க்குப் பின் நமக்கு அந்த நெருக்கடி இல்லை என்பது நம் நற்பேறு. நம் ஒழுக்கத்தின் உயர்வு அன்று.

கடனைக் கட்டாயமாகக் கேட்க வேண்டியவர் வேறு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவே சுவர் வைத்துத் தேவாலயம் கட்டினர். அச்சுவர் இடிபட 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. கல்லறையிலும் சாதி பார்க்கும் ஊர்கள் இன்னும் உண்டு. திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உடன்வந்ததை அம்பேத்கர் எழுதிக் கண்டித்தார். அங்கே நடு இருக்கையில் அமர்ந்துகொண்டு "நான் கிறிஸ்தவன்" என்பவரிடம்தான் நோட்டை நீட்ட வேண்டும். பின் வரிசையில் நிற்பவரிடம் அன்று.

நம் நோட்டு நம் கையில் இல்லை என்பதையும் மறக்க வேண்டா. 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த நாள்முதல், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் 22 உறுதிமொழிகளை வழங்கிய நாள்வரை, நம் முன்னோர் எழுதிக்கொடுத்தவை ஏராளம். மது அருந்தோம் என்றோம். பிறப்பால் உயர்வு தாழ்வு பாரோம் என்றோம். வசலன் யார் என்று கேட்ட பார்ப்பனனுக்குப் புத்தர் பிறப்பைக் காட்டாமல் செயலைக் காட்டியதை மேடைதோறும் சொல்கிறோம். அருந்ததியர் வீட்டில் பெண் எடுக்க நம்மவர் எத்தனை பேர் முன்வந்தனர் என்று ஒரு கிறிஸ்தவ உறவினர் கேட்டால், அவர் கேட்பது அவருடைய உரிமை. அவர் பௌத்தர் அல்லர் என்பது விடையாகாது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பௌத்தர் 11,186 பேர். கிறிஸ்தவர் 44 இலட்சத்துக்கு மேல். அந்தமான் நிகோபாரில் பௌத்தர் 338, கிறிஸ்தவர் 80,984. நாம் சிறு தொகையினர். நம்மைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டு வேதக்காரரும் நம் தெருவாருமே. ஆதலின் ஒன்று முன்மொழிகிறோம். டிசம்பர் 6 அன்று பாபாசாகேப் நினைவுக்கூட்டம் நடத்துகிறோம். அதே மாதத்தில் கிறிஸ்துமஸும் வருகிறது. மறுநாள் ஆழிப்பேரலையில் மாண்டோரின் நினைவுநாள். இவ்வாண்டு அம்மாதத்தில் ஒரு மாலை, கிளைச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் உறவினரான கிறிஸ்தவர் ஒருவரை, பெண்மணியாயின் இன்னும் நன்று, அழைத்துப் பேசச் செய்யலாம். சமய ஒற்றுமை என்னும் பழகிய தலைப்பு வேண்டா. பௌத்தர் எனச் சொல்லிக்கொள்ளும் உங்களிடம் நாங்கள் எதிர்பார்த்ததும் கண்டதும் என்பதே தலைப்பாகட்டும். அவர் பேசி முடித்தபின் நம்முள் யாரும் எழுந்து மறுமொழி கூறுவதில்லை என்று முன்னரே முடிவு செய்துகொள்ளலாம். கூட்டத்தை வழக்கம்போல் திரிசரணத்தோடு தொடங்குவோம். அவர் தம் ஜெபத்தோடு முடிக்க விரும்பினால் முடிக்கட்டும்.